தனியாகப் பாய் பிடிக்கும்போது கை ஏன் கடுக்கிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, பழைய ஹோபி 16 பாய்மரப் படகு ஒன்று வாங்கி உவரிக் கரையில் வைத்திருக்கிறேன். விடுமுறை நாள்களில் தனியாகத்தான் எடுத்துப் போகிறேன். முக்கால் மணி நேரத்துக்குள் முன்கை இரண்டும் கல்லாக இறுகிவிடுகின்றன. கரைக்கு வந்தபின் விரலை விரிக்க முடியவில்லை. வண்டிச் சாவியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. எந்தக் கையுறை வாங்கலாம்? என்ன உடற்பயிற்சி செய்யலாம்?”

தம்பி, கையுறையையும் உடற்பயிற்சியையும் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவரையில், கப்பியும் சுக்கானும் உங்கள் உடல் எடையும் செய்ய வேண்டிய வேலையை உங்கள் முன்கைகள் தனியாகச் செய்துகொண்டிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட வேலையை யாருடைய கையும் வெகுநேரம் தாங்காது. இப்போதிருக்கும் நிலையிலேயே கையை மட்டும் பலப்படுத்தினால் முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரமாகும், அவ்வளவுதான். ஆகவே முதலில் படகைச் சரிபார்க்க வேண்டும். அடுத்து பிடிக்கும் முறையை மாற்ற வேண்டும். தசையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றாலும், உலகம் இன்று அந்தப் பெயரில் அழைப்பது இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகை. மரங்களை அடுக்கிக் கட்டிய நம் கட்டுமரம் வேறு. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோபி ஆல்ட்டர் உருவாக்கிய ஹோபி 16 அந்த இரட்டை உடல் வகையில் மிகவும் பரவலான படகு. நீளம் 16 அடி 7 அங்குலம், எடை ஏறத்தாழ 145 கிலோ, இரண்டு பாய்களும் சேர்ந்து 218 சதுர அடி. இந்தக் கணக்கு இரண்டு பேருக்காகப் போட்டது. ஒருவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பார்த்துக்கொள்ள, மற்றவர் முன் பாயைக் கவனித்தபடி, பாய்மரத்திலிருந்து வரும் டிரபீஸ் கம்பியில் படகுக்கு வெளியே தொங்கி எடை கொடுப்பார். நீங்கள் தனியாகப் போகும்போது எடை பாதியாகிறது, வேலை இரட்டிப்பாகிறது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. பிடிப்பது விரலாக இருந்தும் முன்கை கடுப்பது அதனால்தான். தசை சுருங்கி விரிந்துகொண்டே இருந்தால் இரத்தம் தடையில்லாமல் வந்துபோகும். சுருங்கியபடியே நின்றுவிட்டால் தசைக்குள் ஏறும் அழுத்தம் சிறு இரத்தக் குழாய்களை நெருக்கி ஓட்டத்தைக் குறைத்துவிடும். கிணற்றில் வாளி வாளியாக அரை மணி நேரம் இறைக்கிறவரைக் கூட, நிறைந்த ஒரு வாளியைப் பாதிக் கிணற்றில் நிறுத்தி ஐந்து நிமிடம் அசையாமல் பிடிக்கச் சொன்னால் திணறிவிடுவார். பாய்க்கயிற்றில் நீங்கள் செய்வது இந்த இரண்டாவது வேலை. இதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. தனியாக இருக்கிறோம், காற்றுத் தட்டினால் கவிழ்ந்துவிடுவோம் என்ற எண்ணம் இருக்கும்வரை, தேவைப்படுவதைப் போல இருமடங்கு இறுக்கமாகத்தான் எவரும் கயிற்றைப் பிடிப்பார்கள்.

என் சிறுவயதில், எங்கள் கரையில் பாய் ஏற்றிய கட்டுமரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பாவுடன் கடலுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள் தாமானை, அதாவது பாயின் பின்கோடியைப் பிடித்திழுக்கும் கயிற்றை, என் கையில் கொடுத்தார். கயிறு நனைந்து கனத்திருந்தது. இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். விரல் கணுக்கள் வெளுத்துப் போயின. அப்பா ஒன்றும் சொல்லாமல் கயிற்றை வாங்கி, மரத்தில் நின்ற முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்ச நுனியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பீடியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். “நீ எதுக்குலே பிடிச்சிட்டு நிக்க? மரம் பிடிக்கும்லா” என்றார். காற்றுத் தட்டியபோது அந்த இரண்டு விரல்களும் சற்றே தளர்ந்தன; கயிறு முளையைச் சுற்றி நழுவியது; பாய் காற்றைக் கொட்டிவிட்டு மீண்டும் அமர்ந்தது. பின்னாளில் இரட்டை உடல் படகில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருந்தது.

உங்கள் படகில் அந்த முளையின் வேலையைச் செய்வது ராட்செட் கப்பி. பெரிய பாயின் கயிறு கடைசியாகச் சுற்றிவரும் கப்பி அது. கயிற்றை இழுக்கும்போது ‘டிக் டிக்’ என்று சுழலும். விடும்போது சுழலாமல் நின்று கயிற்றைக் கவ்வும். அந்தக் கவ்வலால் உங்கள் கைக்கு வரும் பாரம் பலமடங்கு குறைகிறது. பழைய படகு வாங்கியவர்கள் என்னிடம் கை கடுப்பைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். பலருடைய படகில் பக்கவாட்டிலுள்ள பொத்தான் அணைந்தே கிடக்கும். சிலருடையதில் கயிறு தலைகீழாகக் கோக்கப்பட்டு, இழுக்கும்போது கவ்வி, விடும்போது வழுக்கும். இன்னும் சிலருடையதில் உள்ளே இருக்கும் பற்கள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். மூன்றில் எதுவாக இருந்தாலும், ஒரு கையுறை வாங்கும் யோசனைக்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது கப்பிகளின் எண்ணிக்கை. ஒரு கணக்குக்காக, பூமின், அதாவது பெரிய பாயின் அடிவிளிம்பில் நிற்கும் சட்டத்தின், கோடியில் பாய் 90 கிலோ இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கயிறு ஆறு முறை மேலும் கீழும் ஓடினால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், கைக்கு வருவது 15 கிலோ. எட்டு முறை ஓடினால் 11 கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு விலையாக, பூம் ஓர் அடி உள்ளே வர 6 அடிக்குப் பதில் 8 அடி கயிறு இழுக்க வேண்டும். படகில் கயிறும் கூடுதலாகச் சுருண்டு கிடக்கும். இருவர் செல்லும்போது ஆறு போதும். தனியாக, அதுவும் நம் காற்றில் செல்பவருக்கு எட்டுதான் நல்லது என்பது என் கருத்து. கப்பிகளுக்கு இடையே கயிறு ஒன்றையொன்று குறுக்கிட்டு உரசுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் கப்பிக்குள் உப்புப் பூத்து, இழுக்கும் ஒவ்வொரு அடிக்கும் கை கூடுதலாக உழைக்க வேண்டிவரும்.

கப்பியின் கீழே, கயிற்றைக் கவ்விப் பூட்டும் பற்களோடு இருக்கும் கிளீட்டைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். கயிற்றை அதில் மாட்டிவிட்டு நிம்மதியாக இரு என்பார்கள் சிலர். மாட்டவே கூடாது, கவிழ்ந்துவிடும் என்பார்கள் வேறு சிலர். சீரான மென்காற்றில் மாட்டலாம். ஆனால் கயிறு கையைவிட்டுப் போகக் கூடாது. காற்று வெட்டி வெட்டி அடிக்கும் நாளில் மாட்டாமல், ராட்செட்டை மட்டும் நம்பிப் பிடிக்க வேண்டும். கிளீட் நிற்கும் கோணத்தை மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டினால் விடுபட வேண்டும். விடுவிக்கவே தோளைத் தூக்கி இழுக்க வேண்டியிருந்தால் கோணம் தவறு; கையும் களைக்கும், ஆபத்தான நேரத்தில் கயிறும் விடாது.

இதுவரை சொன்னது கயிறு பிடிக்கும் கையைப் பற்றி. மற்றக் கையைத் தின்பது சுக்கான். ஹோபி 16 கரையேறும்போது சுக்கான் இலைகள் பின்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். கடலில் இறங்கியதும் அவற்றை இறக்கிப் பூட்ட வேண்டும். பூட்டு முழுதாக விழாமல் இலை பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்து நின்றாலும் போதும், தண்ணீரின் அழுத்தம் சுக்கான் திரும்பும் கீலின் கோட்டுக்கு வெகு பின்னால் போய்விடும். காற்றில் அடிக்கும் கதவை நினைத்துப் பாருங்கள். கீலுக்கு அருகே அமரும் பாரத்தை விரலால் தாங்கலாம். அதே பாரம் கதவின் விளிம்பில் அமர்ந்தால் தோள் கொடுக்க வேண்டும். படகைக் கரையில் தூக்கி வைத்து, இலைகளை இறக்கிப் பூட்டி, கீல் ஊசிகளின் கோட்டில் ஒரு நூலைப் பிடித்துக் கீழ்வரை நீட்டிப் பாருங்கள். இலையின் முன்விளிம்பு அந்த நூலோடு ஒட்டியோ, கீழ்நுனியில் சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்னால் விலகியிருந்தால் திருகைச் சரிசெய்து முன்னே கொண்டுவர வேண்டும். இரண்டு இலைகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பதையும் அப்போதே அளந்துவிடலாம்.

சுக்கான் கனப்பதற்குப் பாயும் காரணமாகலாம். பாய்மரம் மிகவும் பின்சாய்ந்திருந்தாலும், முன் பாய் தளர்ந்து பெரிய பாய் மட்டும் இறுகியிருந்தாலும் படகு ஓயாமல் காற்றுக்குள் மூக்கைத் திருப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது உங்கள் முழங்கையின் வேலையாகிவிடும். தனியாகப் போகிறோம், பாயைக் குறைப்போம் என்று முன் பாயை மட்டும் கழற்றிவிடுகிறவர்களுக்கு இந்தக் கனம் இன்னும் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய பாயில் அதைச் சுருக்கிக் கட்டுவதற்கான துளைகள் இருந்தால் அதைச் சுருக்குவதே முறை. சீரான வேகத்தில் போகும்போது சுக்கான் பிடியை ஒரு கணம் விட்டுப் பாருங்கள். படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் நல்லது. நீங்கள் தவறி விழுந்தால் அது நின்றுவிட வாய்ப்புண்டு. வெடுக்கென்று திரும்பினால் சரிசெய்ய வேண்டியது பாக்கியிருக்கிறது.

இனி பிடிக்கும் முறை. நம் பக்கத்துப் பனையேறிகளைக் கவனித்திருப்பீர்கள். கைகளால் இழுத்து ஏறினால் ஒரு மரத்துக்கு மேல் யாராலும் ஏற முடியாது. தளைநார் பூட்டிய கால்கள்தாம் உடலை மேலே தள்ளுகின்றன. கைகள் மரத்தை அணைத்துப் பிடித்து அடுத்த இடத்துக்கு நகர்கின்றன. பாய்க்கயிற்றையும் அப்படித்தான் இழுக்க வேண்டும். பாதங்களைப் படகிலுள்ள கால்பட்டையின் கீழே மாட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கையை ஏறத்தாழ நேராக வைத்துக்கொண்டு உடலைப் பின்னே சாயுங்கள். கயிறு உள்ளே வந்துவிடும். வந்த கயிற்றைச் சுக்கான் கம்பு இருக்கும் கை, கம்போடு சேர்த்தே ஒரு கணம் பிடித்துக்கொள்ள, மற்றக் கை மீண்டும் முன்னே போய்ப் பிடிக்க வேண்டும். முதல் சில நாள்கள் இது குழப்பமாக இருக்கும். கரையில் படகை நிறுத்தி வைத்துப் பழகினால் பத்து நிமிடத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். டிரபீஸில் தொங்கப் பழகிவிட்டால் இன்னும் எளிது. வயிற்றைச் சுற்றிய பட்டை உடலைத் தாங்குவதால், படகைப் பிடித்துத் தொங்கும் வேலையிலிருந்து கை விடுபடும்.

மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தால் பிடிவலு வெகுவாகக் குறையும். கையை இறுக மூடி, மணிக்கட்டை உள்ளே மடக்கிப் பாருங்கள்; விரல்கள் தாமாக நெகிழ்வது தெரியும். மணிக்கட்டு சற்றே பின்சாய்ந்திருக்கும் நிலையில்தான் குறைந்த உழைப்பில் நிறையப் பிடிக்கலாம். கயிற்றைக் கைமுட்டி மடக்கிப் பிசைய வேண்டாம். நான்கு விரல்களையும் கொக்கியாக வளைத்து அதில் தொங்கவிடுங்கள். பாரம் கூடும்போது கயிற்றைத் தொடையின் மேல் ஓடவிட்டு அழுத்திக்கொண்டால் அதுவும் ஒரு முளைதான். ஆனால் களைப்பாக இருக்கிறது என்று கயிற்றை உள்ளங்கையில் ஒருபோதும் சுற்றிவிடாதீர்கள். படகு கவிழ்ந்தால் அந்தச் சுற்று விரலை நெரிக்கும். ஆளையும் பாயோடு இழுக்கும்.

கயிறு 9 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது, கப்பிக்குள் ஓடுமானால். மெல்லிய கயிற்றைப் பிடிக்க விரல்கள் கூடுதலாக மடங்க வேண்டும். கையுறை உள்ளங்கையைத் தோல் உரியாமல் காக்கும், அதற்காக அணியுங்கள். அது களைப்பைப் போக்காது. விரலுக்கு மிகவும் இறுக்கமான கையுறை, ஒவ்வொரு முறை மடக்கும்போதும் உங்களோடு மல்லுக்கட்டும். நம் வெயிலுக்கு விரல்நுனி திறந்ததே ஏற்றது.

இப்போது நம் கரைக்கு மட்டும் உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில் நான் மிகவும் அக்கறையோடு எழுதுவது இதைத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் கச்சான், அதாவது மேற்குக் காற்று, உவரிக்கு வரும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஏனென்றால் நம் கரை தென்கிழக்கைப் பார்த்திருக்கிறது. கரையோரம் அலை அடங்கிக் கடல் குளம் போலத் தோன்றலாம். பாயைத் தளர்த்திவிட்டு, கை நோகாமல், பத்து நிமிடத்தில் வெகுதூரம் போய்விடலாம். திரும்புவதுதான் காற்றுக்கு எதிரே ஏறும் வேலை: பாயை இறுக்கி, உடலைத் தொங்கவிட்டு, மாற்றி மாற்றி ஓட வேண்டும். போகும்போது களைக்காத கை, களைக்கத் தொடங்கும்போது நீங்கள் கரைக்கு வெகு தொலைவில் இருப்பீர்கள். ஆகவே கச்சான் காலத்தில் கடலுக்குள் நேராக ஓடாதீர்கள். முதலில் ஒரு சிறு தூரம் காற்றுக்கு எதிரே ஏறிப் பார்த்துக் கையின் நிலையைத் தெரிந்துகொண்டு, பின்னர் கரையை ஒட்டியே இங்கும் அங்கும் ஓடுங்கள். கையின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று தோன்றினால் அப்போதே திரும்பிவிட வேண்டும். காற்று வெட்டி அடிக்கும் நாளில் தனியாக இறங்கவே வேண்டாம். கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, அடிக்கும் நாள்களில் கணக்கு மாறும். போகும்போது கடினம், வரும்போது காற்றே கரைசேர்க்கும். பழகுவதற்கு அந்த நாள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கவிழ்ந்த ஹோபி 16ஐ நிமிர்த்த எடை குறைந்த ஒருவரால் தனியாக முடிவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டித் தொங்கும் பை ஒன்றை எப்போதும் படகில் கட்டி வைத்திருங்கள். நிமிர்த்தும் கயிற்றைக் கையால் இழுக்காமல் இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டிச் சாயுங்கள். உயிர்க்காப்பு உடை இல்லாமல் இறங்கக் கூடாது. கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் யாரிடமாவது, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஓய்வு என்பது கரையேறிய பிறகு எடுப்பது என்று நினைக்கிறோம். இந்தப் படகைக் கடலிலேயே நிறுத்தி வைக்கலாம். காற்று முன்பக்கவாட்டில் வரும்படி திருப்பி, பெரிய பாயை முழுதாகத் தளர்த்தி, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளி வைத்தால் படகு மெல்ல ஒதுங்கியபடி அமைதியாக நிற்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கை கடுக்கத் தொடங்கும் முன்பே, இப்படி இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். கைகளைத் தொங்கவிட்டு உதறுங்கள்; விரல்களை முழுதாக விரியுங்கள். நீராகாரமோ உப்பிட்ட மோரோ நான்கு மிடறு குடியுங்கள். உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு வாயில் கிடக்கட்டும். வெயிலில் வியர்வை வற்ற வற்றக் கை விரைவில் சோர்கிறது.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள் போதும். கம்பியில் 20 அல்லது 30 விநாடி தொங்குங்கள். ஈரத் துண்டை இரண்டு பக்கமும் மாற்றி முறுக்கிப் பிழியுங்கள். முதுகுத் தசைக்காக, துடுப்பு வலிப்பது போல ரப்பர் பட்டையை இழுங்கள். மடக்கும் தசையை மட்டும் வளர்த்து, விரிக்கும் தசையை மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கரையின் ஈர மணலுக்குள் குவித்த விரல்களைச் செருகி, மணலைத் தள்ளிக்கொண்டு விரியுங்கள். பதினைந்து முறை செய்தால் முன்கையின் மேல்பக்கம் சூடேறுவது தெரியும். தசையை விடத் தசைநாண் மெதுவாகத்தான் வலுப்படும் என்பதால் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

சாவியைத் திருப்ப முடியாத அளவுக்கு விரல் இறுகுவது மறுநாள் காலைக்குள் விட்டுவிடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டுவிட்டால் அது வெறும் களைப்பு. செம்பைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்புறம் சுள்ளென்று வலித்தாலோ, இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போனாலோ, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவை தசைநாணும் நரம்பும் சொல்லும் செய்தி, பழகினால் சரியாகிவிடும் வகையைச் சேர்ந்தவை அல்ல. மற்றபடி, இந்த ஞாயிற்றுக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கும் முன் நூலைப் பிடித்துச் சுக்கான் இலையைப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்து அந்த ‘டிக் டிக்’ கேட்கிறதா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். இலை எத்தனை விரற்கடை பின்னால் நிற்கிறது என்று தெரிந்தால், திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.